ராடைத் திருகுவதற்கு முன்: டர்போவும் நம்ம ஊர் உப்புக்காற்றும்

டர்போ கார் வைத்திருப்பவர்களிடம் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ராடைச் சுருக்கினா பூஸ்ட் ஏறும்." பதிலில் தப்பில்லை. ஆனால் ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு அது பாதி உண்மை. மீதிப் பாதி உப்பில் இருக்கிறது.

தங்கச்சிமடத்தில் இருக்கும் என் சிநேகிதன் ஒருவனின் காரை வைத்து இதை எழுதுகிறேன். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், பழைய செடான், கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. வீட்டுக்கு வடக்கே தகர ஷெட்டில் நிற்கும். வாடைக் காற்று மாதங்களில் பாக் நீரிணையிலிருந்து வரும் ஈரம் நேராக அதன் மூஞ்சியில்தான் அடிக்கும். பிரச்சினை இதுதான்: முந்திப் போகலாம் என்று ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஒரு விநாடி நன்றாக இழுக்கும், அப்புறம் சட்டென்று செத்துவிடும். மதுரை ரோட்டில் மீன் லாரியைப் பாதி தாண்டியபோது ஒரு தடவை அப்படி ஆகியிருக்கிறது. காரில் அவன் அம்மாவும் பிள்ளைகளும் இருந்தார்கள். வெளியூரில் ஒரு கராஜில் காட்டினான். "இழுவை இல்ல, பூஸ்ட் கம்மியா இருக்கு" என்று சொல்லி ராடை மூன்று சுற்று டைட் வைத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு இன்னும் அடிக்கடி செத்தது.

பூஸ்ட் குறைந்ததால் வண்டி சாகவில்லை. அதிகமானதால்தான் செத்தது. இது ஏன் என்று புரிய டர்போவுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

புகை டர்பைனைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரஸர் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அதிகக் காற்று என்றால் அதிக பெட்ரோல், அதிகப் புகை. அதிகப் புகை என்றால் டர்பைன் இன்னும் வேகம். என் தொழிலில் இதை பாசிட்டிவ் ஃபீட்பேக் என்போம். கட்டுப்படுத்த ஆள் இல்லாவிட்டால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிஸ்காரர் 1905-லேயே டர்போவுக்கு காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் வேகம் கூடிக் குறையும் கார் இன்ஜினுக்கு அதைப் பழக்குவதற்கு ஒரு திருட்டு வழி தேவைப்பட்டது: டர்பைனுக்கு முன்னாலேயே ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் கொஞ்சம் புகை டர்பைனைத் தொடாமல் சைலென்சருக்குப் போய்விடும். அதுதான் வேஸ்ட்கேட். 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரில் அது இருந்தது. 1978-இல் விற்பனைக்கு வந்த சாப் 99 டர்போவுக்குப் பிறகுதான் அன்றாடக் கார்களுக்கு அது பழக்கமானது.

(ராமேஸ்வரத்து விசைப்படகுகளிலும் டர்போ உண்டே என்று கேட்கலாம். படகு, ஜெனரேட்டர் மாதிரி ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும் டீசல்களுக்கு டர்போவை அளவு பார்த்துப் பொருத்திவிட்டால் பெரும்பாலும் வேஸ்ட்கேட் தேவைப்படுவதில்லை. சிக்னலில் நின்று, கிளம்பி, முந்தி, மறுபடி நிற்கும் காருக்குத்தான் இந்தக் கதவு.)

கதவைத் திறப்பது யார்? ஒரு தகர டப்பா. உள்ளே ரப்பர் டயாஃப்ரம், அதன் பின்னால் ஸ்பிரிங். கம்ப்ரஸரிலிருந்து ஒரு சின்ன ஹோஸ் பூஸ்ட் அழுத்தத்தை டயாஃப்ரத்துக்குக் கொண்டுவருகிறது. டயாஃப்ரத்தோடு ஒரு ராட், ராடின் நுனியில் கதவின் லீவர். அழுத்தம் ஸ்பிரிங்கை ஜெயிக்கும்போது ராட் வெளியே நகரும், கதவு திறக்கும். பூஸ்ட் இறங்கினால் ஸ்பிரிங் ராடை உள்ளே இழுத்துக் கதவை மூடும். அவ்வளவுதான். மின்சாரம் இல்லை, புரோகிராம் இல்லை. எனக்கு இந்த டப்பாமேல் ஒரு மரியாதை உண்டு. நாங்கள் நூறு வரி கோட் எழுதிச் செய்கிற வேலையை ஒரு ஸ்பிரிங் செய்கிறது.

இனி கணக்கு. டயாஃப்ரத்தின் விட்டம் 45 மிமீ என்று வைத்துக்கொள்வோம். பரப்பு ஏறக்குறைய 16 சதுர செமீ. அரை பார் பூஸ்ட் வந்தால் ராடின்மேல் 80 நியூட்டன், அதாவது 8 கிலோ எடை தொங்குகிற மாதிரி. ஸ்பிரிங்கை ஒரு மிமீ அமுக்க 6 நியூட்டன் வேண்டும் என்று எடுத்துக்கொள்வோம். ராடின் மரை ஒரு சுற்றுக்கு ஒரு மிமீ நகரும். ராடை ஒரு சுற்று சுருக்கி லீவரில் மாட்டினால், அதை மாட்டுவதற்கே ராடை ஒரு மிமீ வெளியே இழுக்க வேண்டும். ஸ்பிரிங் கூடுதலாக ஒரு மிமீ அமுங்கியிருக்கும். அதைத்தான் பிரீலோடு என்கிறார்கள். 6 நியூட்டனை 16 சதுர செமீயால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 0.0375 பார். கராஜ்காரர்கள் வைத்த மூன்று சுற்று கிட்டத்தட்ட 0.11 பார்.

சின்ன எண் மாதிரி தெரியும். ஆனால் அமுக்கினால் காற்று சூடாகும். 35 டிகிரி வெயிலில் உள்ளே போகும் காற்றை அரை பார் பூஸ்டுக்கு அமுக்கினால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரிலிருந்து அது சுமார் 89 டிகிரியில் வெளியே வரும். 0.8 பாருக்கு அமுக்கினால் 115 டிகிரி. இன்டர்கூலர் கொஞ்சம் இறக்கும். ஆனாலும் பெட்ரோல் இன்ஜினில் நாக்கிங் வருவதற்கும் பிஸ்டன் ஓட்டையாவதற்கும் நடுவே இருப்பது இந்த டிகிரிகள்தான். அதனால்தான் கார் கம்ப்யூட்டர் எப்போதும் பூஸ்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கேட்ட அளவைவிட ரொம்ப அதிகமாக வந்தால் லிம்ப் மோடுக்குப் போய் டர்போவை ஏறக்குறைய கைவிட்டுவிடும். ஓட்டுபவருக்கு அது "இழுவை இல்லை" என்றுதான் தெரியும். சிநேகிதனின் காரில் நடந்தது இதுதான். அதிக பூஸ்டால் சக்தி போனது. சக்தி இல்லை என்று பூஸ்டைக் கூட்டினார்கள்.

சரி, ராடைத் தொடுவதற்கு முன்பே பூஸ்ட் ஏன் எகிறியது? இங்கேதான் ஊர் வருகிறது.

மண்டபத்தில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு கிளை உண்டு. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த அந்த நிலையம், உலோகங்களைக் கடற்காற்றில் துருப்பிடிக்கவிட்டுப் பார்ப்பதற்கு மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது நமக்குப் பெருமையா என்று தெரியவில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கு துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் பெயின்டும் போட்டதற்குக் காரணமும் இதே காற்றுதான். பாலத்துக்கு அவ்வளவு பார்க்கிறோம், காரின் வேஸ்ட்கேட் லீவருக்கு யார் பார்ப்பது?

சமையல் உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். தீவில் ராத்திரி ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சர்வசாதாரணம். பகலில் டர்போவின்மேல் படிந்த உப்பு ராத்திரியில் ஈரமாகி, காலையில் வண்டியை எடுத்ததும் பல நூறு டிகிரி சூட்டில் காய்ந்து, மறுபடி ராத்திரி ஈரமாகிறது. கதவின் தண்டு ஒரு புஷ்ஷுக்குள் சுழல்கிறது. அங்கே இடைவெளி மிகக் குறைவு. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தண்டு இறுகிப்போகிறது. டப்பாவின் பின்பக்கம் வெளிக்காற்றுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது வழியாக ஈரம் உள்ளே போய் ஸ்பிரிங்கையும் பிடிக்கும்.

இறுகிய தண்டு, திறக்கும்போது பிரீலோடு கூடின மாதிரி நடந்துகொள்ளும்: கதவு தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் எகிறும். மூடும்போது ஸ்பிரிங் பலவீனமான மாதிரி நடந்துகொள்ளும்: கதவு மூட மறுக்கும், அடுத்த தடவை மிதிக்கும்போது பூஸ்ட் மெதுவாக ஏறும். ஒரே கோளாறு, இரண்டு எதிரெதிர் அறிகுறிகள். எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒருவர் டைட் வைப்பார், இன்னொருவர் லூஸ் பண்ணுவார். இரண்டுமே உராய்வைத் தொடாது.

அப்படியானால் உராய்வையும் பிரீலோடையும் எப்படிப் பிரிப்பது? கீழக்கரைக்காரர் ஒருவர், முப்பது வருஷம் படகு இன்ஜின் பார்த்தவர், எல்லோரும் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஷெட்டில்தான் வேலை நடந்தது. கைப்பம்பும் கேஜும் வைத்து நான் அழுத்தம் ஏற்றிக்கொண்டிருந்தேன். "ஏத்தயில மட்டும் பாக்காதீங்க தம்பி, எறக்கயிலயும் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் அது ஸ்பிரிங்கு பேசுது" என்றார். ஒரு பாடப்புத்தகத்து அத்தியாயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

ஏற்றும்போது உராய்வு நமக்கு எதிராக நிற்கும். இறக்கும்போது ஸ்பிரிங்குக்கு எதிராக நிற்கும். ஆகவே இரண்டு அளவின் சராசரி ஸ்பிரிங்கைச் சொல்லும். வித்தியாசத்தில் பாதி உராய்வைச் சொல்லும். காரில் இருந்தபடியே அளந்தோம். ஏற்றும்போது 0.52 பாரில் ராட் அசைந்தது. இறக்கும்போது 0.32 பாரில்தான் முழுசாக உள்ளே போனது. சராசரி 0.42, உராய்வு 0.10. பிறகு ராடை லீவரிலிருந்து கழற்றி டப்பாவை மட்டும் அளந்தோம்: 0.24, 0.22. உராய்வு காணாமல் போய்விட்டது. ஆகவே இறுக்கம் டப்பாவில் இல்லை, கதவின் தண்டில்தான். கூடவே இன்னொன்றும் தெரிந்தது. மாட்டியபோது 0.42, கழற்றியபோது 0.23, வித்தியாசம் 0.19 பார், அதாவது 5 மிமீ பிரீலோடு. கராஜில் வைத்த மூன்று சுற்றைக் கழித்தால் பழைய அமைப்பு 2 மிமீ. ஒரு கைப்பம்பு இவ்வளவு பேசும் என்று நான் நினைக்கவில்லை.

ஓடும் இன்ஜினில் அதிர்வு இருப்பதால் உராய்வு இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஷெட்டில் எடுக்கும் அளவு ஒப்பிடுவதற்குத்தான், அப்படியே சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

தண்டைத்தான் முதலில் பார்த்தோம். பெனட்ரேட்டிங் ஆயில் ஊற்றி இரண்டு நாள் ஊறவைத்து, லீவரை முன்னும் பின்னும் அசைத்து அசைத்து விடுவித்தார் காக்கா. கிரீஸ் போடக் கூடாது. அந்தச் சூட்டில் எரிந்து கரியாகி இன்னும் இறுக்கும். நிக்கல் கலந்த ஆன்டி-சீஸோ உலர்ந்த கிராஃபைட்டோ சரி. கடைசியில் லீவர் ஒரு விரலுக்கே அசைந்தது.

பழைய டப்பாவைத் திரும்ப மாட்டியிருக்கலாம். ஆனால் அழுத்தம் ஏற்றி நிறுத்தினால் கேஜ் முள் மெல்ல இறங்கியது. டயாஃப்ரத்தில் நுண்ணிய கசிவு. கசியும் டயாஃப்ரத்துக்கு முழு அழுத்தம் போய்ச்சேராது, கதவு தாமதமாகும், பூஸ்ட் எகிறும். இதுவும் அதே திசையில் தள்ளும் கோளாறுதான். கம்பெனியில் டப்பா மட்டும் தனியாகத் தரமாட்டேன் என்றார்கள், முழு டர்போவாகத்தான் வாங்க வேண்டுமாம். அதனால்தான் ஆஃப்டர்மார்க்கெட் ஆக்சுவேட்டர். அதில் ஸ்பிரிங்கை மாற்றிக்கொள்ளலாம், ராடின் மரையும் நீளம்.

மாட்டும் முறை சுருக்கமாக. இன்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். லாக் நட்டைத் தளர்த்தும்போது ராடை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். ராட் சுழன்றால் டயாஃப்ரம் முறுக்கிக் கிழியும். கதவைக் கையால் முழுசாக மூடி, ராட் நுனியின் ஓட்டை லீவர் பின்னோடு சும்மா பொருந்தும் நீளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் பூஜ்யம். அங்கிருந்து எத்தனை சுற்று சுருக்குகிறோம் என்று எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு ராடை இழுத்து மாட்டி, கிளிப் போட்டு, லாக் நட்டை முடுக்க வேண்டும். பிரீலோடு பொதுவாக 2-லிருந்து 5 மிமீக்குள் இருக்கும்.

இந்தப் புது டப்பா பூஜ்யத்தில் 0.30 பாரில் அசைந்தது. 2 மிமீயில் 0.38, 4 மிமீயில் 0.45, எல்லாம் ஏற்ற இறக்கச் சராசரிகள். காகிதக் கணக்குக்கு மிகப் பக்கம். 2 மிமீயில் நிறுத்தினோம். 4 வைக்கச் சொல்லி சிநேகிதன் கெஞ்சினான்.

4 வேண்டாம் என்றதற்கு இரண்டு காரணங்கள். டப்பாவின் ராட் மொத்தமே இவ்வளவுதான் நகரும் என்று ஒரு எல்லை உண்டு. பிரீலோடில் செலவழித்த மிமீ கதவு திறப்பதற்கு மிஞ்சாது. அதிக ஆர்பிஎம்மில் புகை கூடும்போது கதவு முழுசாகத் திறக்க முடியாவிட்டால் பூஸ்ட் தானாக மேலே ஏறிக்கொண்டே போகும். நிஜமாகவே அதிக பூஸ்ட் வேண்டும் என்றால் ராடைச் சுருக்குவது வழியில்லை; தடித்த ஸ்பிரிங் போட்டு, அதற்கேற்ப கம்ப்யூட்டர் மேப்பையும் மாற்ற வேண்டும். இரண்டாவது காரணம் அந்தக் கம்ப்யூட்டர்தான். டப்பாவுக்குப் போகும் ஹோஸில் ஒரு சொலினாய்டு வால்வு இருக்கிறது. கம்ப்யூட்டர் அதைத் திறந்து மூடி, டப்பாவுக்குப் போகும் அழுத்தத்தைக் கொஞ்சம் கசியவிட்டு, ஸ்பிரிங் அளவுக்கு மேலே பூஸ்டைக் கொண்டுபோகிறது. கூட்டத்தான் அதால் முடியும். ஸ்பிரிங் வைத்த தரைமட்டத்துக்குக் கீழே இறக்க அதால் முடியாது. தரையை நாம் தூக்கிவிட்டால் கம்ப்யூட்டருக்குக் கட்டுப்படுத்த இடமே இருக்காது.

சாலையில் சோதிக்கும்போது முதலில் சொலினாய்டைத் தவிர்த்து ஹோஸை நேராக டப்பாவுக்குக் கொடுத்தோம். அப்போது கிடைப்பதுதான் தரைமட்ட பூஸ்ட். விடிகாலையில், மூன்றாம் கியரில், 4000 ஆர்பிஎம்மோடு நிறுத்திக்கொண்டோம். வேகம் தொண்ணூறைத் தாண்டவில்லை. பாம்பன் சாலைப் பாலத்தில் இதை யாரும் செய்யாதீர்கள். பக்கக் காற்று ஒருபுறம், செல்ஃபி எடுக்க நிற்பவர்கள் இன்னொருபுறம். டைனோ கிடைத்தால் அதுதான் நல்லது. எங்களுக்குக் கிடைத்த அளவு 0.45 பார்.

ஷெட்டில் 0.38-இல் அசைந்தது சாலையில் ஏன் 0.45? கணக்கு போட்டால் சுவாரசியம். 0.45 பார் டயாஃப்ரத்தைத் தள்ளுவது 72 நியூட்டன். கூடவே புகையும் கதவை உள்ளிருந்து தள்ளுகிறது: 25 மிமீ கதவு, 0.6 பார் அழுத்த வித்தியாசம், லீவர் விகிதம் எல்லாம் சேர்த்து ராடில் 24 நியூட்டன் என்று மதிப்பிடலாம். மொத்தம் 96. எதிரே ஸ்பிரிங் 2 மிமீ பிரீலோடோடு 60. மிச்சம் 36 நியூட்டன், 6-ஆல் வகுத்தால் 6 மிமீ. அதாவது 0.45 பாரில் நிலைநிற்க ராட் 6 மிமீ நகர்ந்து நிற்கிறது. அசைய ஆரம்பிப்பது வேறு, தேவையான புகையை வெளியே விடும் அளவுக்குத் திறப்பது வேறு. புகை கொடுக்கும் அந்த 24 நியூட்டன் நான்கு சுற்றுக்குச் சமம் என்பதையும் கவனியுங்கள். சைலென்சரை மாற்றினால்கூடத் தரைமட்ட பூஸ்ட் மாறுவது இதனால்தான்.

சொலினாய்டைத் திரும்ப மாட்டி ஓட்டியபோது, கேட்ட பூஸ்டுக்கும் வந்த பூஸ்டுக்கும் வித்தியாசம் 0.05 பாருக்குள் இருந்தது. முன்பு அது கால் பார் வரை எகிறியிருந்தது. லிம்ப் மோடு வரவில்லை.

கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. டப்பாவின் பின்பக்கம் வெளிக்காற்று என்பதால், ஸ்பிரிங் காப்பது வெளிக்காற்றுக்கு மேலான வித்தியாசத்தை. 2100 மீட்டரில் வெளிக்காற்றே 0.79 பார் அளவுதான். தரைமட்ட பூஸ்ட் அதே 0.45-ஆக இருந்தாலும் இன்ஜினுக்குள் போவது 1.46-க்குப் பதில் 1.24 பார். அதற்கே டர்போ இங்கே இருப்பதைவிட வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். கடற்கரையில் சரியாக இருந்தது மலையில் மந்தமாகத் தெரிந்தால் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

இதெல்லாம் காற்றழுத்த டப்பா உள்ள டர்போவுக்குத்தான். இப்போது வரும் பல டர்போ பெட்ரோல் கார்களில் கதவை ஒரு சின்ன மின்மோட்டார் திறக்கிறது. அதன் ராடைத் திருகினால் கம்ப்யூட்டர் படித்து வைத்திருக்கும் இருப்பிடம் தப்பாகிவிடும். 90 குதிரைத்திறன் மாருதி டீசல்களில் டர்பைன் இறக்கைகளே திரும்பும். அங்கே வேஸ்ட்கேட்டே கிடையாது. பழைய 75 குதிரைத்திறன் ஸ்விஃப்ட் டீசலில் உண்டு. நம்ம பக்கம் அந்த வண்டிகள் நிறைய ஓடுகின்றன, அவற்றுக்கும் இந்த ஏற்ற இறக்கச் சோதனை அப்படியே பொருந்தும்.

புது டப்பா மாட்டிய அன்று 0.41, 0.35 என்று பானட்டுக்கு அடியில் மார்க்கரால் எழுதி வைத்தோம். சராசரி 0.38, உராய்வு 0.03. ஒரு வாடைக் காலம் முழுக்க வண்டி அதே ஷெட்டில் நின்றது. பங்குனியில் திரும்ப அளந்தபோது 0.43, 0.33. சராசரி அதே 0.38, உராய்வு 0.05. லாக் நட்டைத் தொடவில்லை. தண்டைத் துடைத்து கிராஃபைட் போட்டோம், 0.41, 0.35-க்குத் திரும்பியது. சிநேகிதன் ஷெட்டின் வடக்குப் பக்கத்துக்கு ஒரு தார்ப்பாய் வாங்கியிருக்கிறான்.